கண்டியின் பழைய துறைமுகத்தில் ஒரு பாய்ப்படகு நங்கூரமிடுவது எப்படி?

கண்டிக்குக் கடல் இல்லை. நகரின் நடுவே இருப்பது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த ஏரி மட்டும்தான். ஆனால், கண்டி அரசுக்குத் துறைமுகம் இருந்தது. பேராதனை, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை என்று நகரைச் சுற்றி வளைந்து ஓடும் மகாவலி கங்கை, மொத்தம் 335 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் மலைநாட்டு அரசர்களின் அதிகாரம் அந்தக் குடா வரைக்கும் நீண்டிருந்தது. கொட்டியாரமும் மட்டக்களப்பும் அவர்களுடைய கடல் வாசல்களாக இருந்தன.

இன்று அதே குடாவின் வாயிலால் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வருகின்றன. யொட் என்று சொல்லப்படும் இந்தப் படகுகளில் பெரும்பாலும் ஒரு கணவனும் மனைவியும், அல்லது இரண்டு மூன்று நண்பர்கள் இருப்பார்கள். தாய்லாந்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வாடைக்காற்றைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் கடல் மைலுக்கு மேல் ஓடி வருகிறார்கள். மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் வேகத்தில் இது ஏழெட்டு நாள் பயணம். இங்கே தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, சில நாள் ஊர் பார்த்துவிட்டு, மாலைதீவுக்கோ செங்கடல் பக்கமோ போய்விடுவார்கள். கண்டிக்கு வந்து தலதா மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் அவர்களில் உண்டு.

நான் கண்டியில் இருந்து எழுதுகிறேன். என் தாய்வழி உறவினர்கள் மூதூர்ப் பக்கம். அங்கே போய்வரும்போதெல்லாம் திருகோணமலை உட்துறைமுக வீதியில் நின்று, பாய் சுருட்டிய வெள்ளைப் படகுகள் நங்கூரத்தில் அசைந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு தீவின் துறைமுகத்தில் ஒரு சிறு படகு எப்படி வந்து நிற்கிறது என்பதை விளங்கிக்கொள்ள முயன்றபோது, அதற்கு இரண்டு விடயங்கள் தேவை என்று தெரிந்தது. ஒன்று, கடலின் அடிநிலம் நங்கூரத்தைப் பிடிக்க வேண்டும். மற்றையது, கரையில் இருப்பவர்கள் நிற்க அனுமதிக்க வேண்டும். முதலாவதைப் பழகிக்கொள்ளலாம். இரண்டாவது படகோட்டியின் கையில் இல்லை. போரைக் கண்ட நமக்கு இந்த இரண்டாவது விடயம் புதிதல்ல.

இடம்

திருகோணமலைக்கு வெளிப்புறத்தில் இருப்பது அகன்ற கொட்டியாரக் குடா. கிழக்கே வங்காள விரிகுடாவை நோக்கித் திறந்திருக்கும். தெற்குக் கரையில் மூதூரும் சம்பூரும் உள்ளன. இந்தக் குடாவுக்குள் ஆழ்கடலிலிருந்து ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு நுழைந்து வருவதால், நடுப்பகுதி சிறு படகுகள் நங்கூரமிட முடியாத ஆழம். குடாவின் வடமேற்கு மூலையில் ஒடுங்கிய வாயில் ஒன்று இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் உட்துறைமுகம். சுற்றிலும் குன்றுகள். வெளியே கடல் கொந்தளித்தாலும் உள்ளே அலை அடங்கியிருக்கும். வாடைக்கும் சோளகத்துக்கும் ஒரே இடத்தில் மறைவு கொடுக்கும் துறைமுகங்கள் இந்தச் சமுத்திரத்தில் அதிகம் இல்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இதற்காகச் சண்டை பிடித்ததன் காரணம் இதுதான்.

நங்கூரம் எப்படிப் பிடிக்கிறது?

நங்கூரம் தன் பாரத்தால் படகை நிறுத்துகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். சிறு படகைப் பொறுத்தவரை அது சரியல்ல. 12 மீற்றர் நீளமான படகின் நங்கூரம் 20, 25 கிலோ இருந்தால் அதிகம். பல தொன் எடையுள்ள படகை அந்தப் பாரம் காற்றில் பிடித்து வைக்காது. நங்கூரத்தின் கூர் மண்ணுக்குள் கலப்பை மாதிரி இறங்கி மாட்டிக்கொள்வதால்தான் படகு நிற்கிறது.

கலப்பை இறங்க வேண்டுமென்றால் இழுவை கிடையாக இருக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் நங்கூரம் கிளம்பிவிடும். அதனால்தான் ஆழத்தைவிடப் பலமடங்கு நீளத்துக்குச் சங்கிலி விடுகிறார்கள். வழமையான கணக்கு இது: தண்ணீர் ஆழம் 8 மீற்றர், படகின் அணியம் நீர்மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயரம். மொத்தம் 9 மீற்றர். முழுவதும் சங்கிலியானால் அதன் ஐந்து மடங்கு, அதாவது 45 மீற்றர் விட வேண்டும். பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு மடங்கு, 63 மீற்றர். சங்கிலி குறைவாகப் போதுவதற்குக் காரணம் அதன் பாரம். அது நிலத்தில் படிந்து, தொய்ந்து கிடக்கும். காற்று படகைத் தள்ளும்போது முதலில் அந்தத் தொய்வு நிமிர வேண்டும். அதுவரை நங்கூரத்துக்கு அதிர்ச்சி போகாது.

கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவையும் ஆழக் கணக்கில் சேர்க்க வேண்டும். இலங்கையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் இங்கே அது பெரிய சிக்கல் இல்லை.

போடும் முறையும் முக்கியம். படகு காற்றை எதிர்த்து மெதுவாக வந்து, தெரிவுசெய்த இடத்தில் ஓட்டம் நிற்கும்போது நங்கூரத்தை இறக்குவார்கள். எறிவதில்லை. நங்கூரம் நிலத்தைத் தொட்ட பிறகு, காற்று படகைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளச் சங்கிலியை நீட்டிக்கொண்டு போவார்கள். ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டினால் சங்கிலி நங்கூரத்திலேயே சிக்கிக்கொள்ளும். முழு நீளமும் விட்ட பிறகு இயந்திரத்தை மெதுவாகப் பின்னோக்கி இயக்குவார்கள். அப்போதுதான் கூர் மண்ணுக்குள் இறங்கும்.

பிடித்துவிட்டதா என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருட்களைப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு தென்னையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும் என்று வைத்துக்கொள்வோம். அவை ஒரே நேர்கோட்டில் இருந்தால் படகு நிற்கிறது. தொடர்ந்து விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. இப்போது ஜிபிஎஸ் கருவி இந்த வேலையைச் செய்து, படகு வட்டத்தை விட்டு வெளியேறினால் மணி அடிக்கும். ஆனாலும் கவனமான படகோட்டிகள் கரையைப் பார்ப்பதை விடுவதில்லை.

அடிநிலம் எப்படிப்பட்டது என்பதிலும் நிறையத் தங்கியிருக்கிறது. சேறும் மணலும் நன்றாகப் பிடிக்கும். பாறையில் ஒன்றில் வழுக்கும், அல்லது திரும்ப எடுக்க முடியாதபடி சிக்கும். முருகைக்கல்லில் போடவே கூடாது. பல வருடங்களாக வளர்ந்ததைச் சங்கிலி ஒரே இரவில் அரைத்துவிடும். அந்தக் காலத்துக் கப்பல்களில் ஈயக் குண்டின் அடியில் கொழுப்புப் பூசிக் கயிற்றில் இறக்குவார்கள். ஆழமும் தெரியும், கொழுப்பில் ஒட்டி வருவதை வைத்து மணலா சேறா என்றும் தெரியும். நம்முடைய கடற்றொழிலாளர்களுக்கு இந்த அறிவு கைவசம் இருக்கிறது. எத்தனை பாகம் ஆழம், எங்கே சேறு, எங்கே கல் என்று என் மாமா சொல்லும்போது, கடலுக்கடியில் ஒரு ஊரின் ஒழுங்கைகளைச் சொல்வது போல இருக்கும்.

நங்கூரமிட்ட படகு ஒரே இடத்தில் நிற்காது. காற்று மாற மாறச் சுற்றும். 45 மீற்றர் சங்கிலியும் 12 மீற்றர் படகும் என்றால் ஏறத்தாழ 55 மீற்றர் ஆரையில் ஒரு வட்டம் முழுவதும் அதற்குத் தேவை. அந்த வட்டத்துக்குள் வேறு படகோ, விரித்த வலையோ இருக்கக்கூடாது. பகலில் ஒரு கறுப்புப் பந்தும் இரவில் எல்லாத் திசைக்கும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும் காட்ட வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி.

கட்டுவதற்கும் நங்கூரமிடுவதற்கும் உள்ள வித்தியாசம்

இறங்குதுறையில் கட்டுவது வேறு வேலை. அணியத்திலிருந்து ஒரு கயிறு, கடையாரிலிருந்து ஒரு கயிறு, படகு முன்னுக்கும் பின்னுக்கும் ஓடாதபடி குறுக்குச் சாய்வாக இரண்டு கயிறுகள். துறையில் உரசாமல் இருக்க இடையில் காற்றடைத்த மிதவைகள் அல்லது பழைய டயர்கள். காற்றையோ நீரோட்டத்தையோ எதிர்த்து, நடந்துபோகும் வேகத்தில் அணைய வேண்டும். வேகம் கூடினால் சுக்கான் காப்பாற்றாது.

கட்டிய படகிலிருந்து இறங்கி நடந்து போகலாம். நங்கூரத்தில் நிற்கும் படகிலிருந்து சிறு தோணியில்தான் கரைக்கு வர முடியும். ஆனால், நங்கூரத்தில் நிற்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. சங்கிலியை இழுத்தால், அவசரமென்றால் அறுத்துவிட்டால்கூட, புறப்பட்டுவிடலாம். கட்டிய படகு கரையின் பிடியில் இருக்கிறது. இந்த வித்தியாசம் 1660இல் கொட்டியாரக் குடாவில் ஒரு கப்பலைக் காப்பாற்றியது.

கரையின் அனுமதி, இன்று

இப்போதைய நடைமுறையில், திருகோணமலைக்கு வரும் யொட் ஒன்று முன்கூட்டியே உள்ளூர் முகவர் ஒருவரை நியமிக்க வேண்டும். படகின் பதிவு, பயணிகளின் கடவுச்சீட்டு விபரம், முந்தைய துறைமுகத்தை விட்டு வெளியேறிய சான்று ஆகியவை அவர் வழியாகப் போகும். துறைமுகத்தை நெருங்கும்போது விஎச்எப் ரேடியோவில் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தை அழைக்க வேண்டும். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர், எவ்வளவு நாள் நிற்பீர்கள் என்று கேட்பார்கள். சுகாதார அனுமதி கிடைக்கும்வரை மஞ்சள் கொடி ஏற்றியிருக்க வேண்டும். அதன்பின் இலங்கைக் கொடி. கடற்படை, சுகாதாரம், குடிவரவு, சுங்கம் ஆகியவற்றின் அலுவல்கள் முடியும்வரை எவரும் கரையிறங்கக்கூடாது.

இந்த நெருக்கடியான ஒழுங்குக்கு உலகப் பின்னணி ஒன்று உண்டு. 2001 செப்டெம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்புக் கோவை 2004இல் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் பின்னணி நமக்குத் தெரிந்தது. 1995 ஏப்ரல் 19 அன்று இதே துறைமுகத்தில் இரண்டு கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டதோடுதான் அன்றைய போர் நிறுத்தம் முடிந்தது.

கரையின் அனுமதி, 1660

'ஆன்' என்ற கப்பல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிக்கொண்டிருந்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டு அதன் நடுப் பாய்மரம் போனது. புதிய மரம் நாட்டவும், அதற்கிடையில் துணி வியாபாரம் செய்யவும் அது கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. கப்டன் ரொபர்ட் நொக்ஸ். அதே பெயருடைய மகனும் கப்பலில் இருந்தார். மகனுக்கு வயது 19.

இடத்தை அவர்கள் நன்றாகத்தான் தெரிவுசெய்தார்கள். மறைவான குடா, மரம் வெட்டக் காடு, குடிக்க ஆற்று நீர். ஏறத்தாழ இருபது நாள் கரைக்கும் கப்பலுக்கும் போய்வந்தார்கள். உள்ளூர் அதிகாரி வரவேற்றார். பயம் தெளிந்தது. ஆனால், மலைக்கு மேலே இருந்த அரசன் இரண்டாம் ராஜசிங்கனுக்கு, தாங்கள் யார், ஏன் வந்தோம் என்று அவர்கள் ஒரு செய்தியும் அனுப்பவில்லை. அரசன் சந்தேகப்பட்டதற்கு அதுவே காரணம் என்று மகன் பின்னர் எழுதினார்.

அரசன் ஒரு திசாவையைப் படையோடு அனுப்பினான். முதலில் சந்திக்கப் போனது மகனும் கப்பலின் வணிகரும். திசாவை அவர்களிடம் கேட்டது, நீங்கள் யார், எவ்வளவு நாள் நிற்பீர்கள் என்பதுதான். இன்று ரேடியோவில் கேட்கிற அதே கேள்விகள். அரசனின் கடிதத்தைக் கப்டனின் கையில்தான் கொடுப்பேன் என்றும் சொன்னான். கரைக்கு வந்து புளியமரத்தின் கீழ் இருந்த கப்டன் பிடிபட்டார். பாய்மரத்துக்கு மரம் வெட்டப் போனவர்களும் பிடிபட்டார்கள். எல்லாமாக 16 பேர்.

பிறகு திசாவை கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் சொன்னான். அது நடக்கவில்லை. கப்டனின் கட்டளையோடு கப்பலுக்கு அனுப்பப்பட்ட மகன், விழிப்பாக இருக்கும்படி மாலுமிகளுக்குச் சொல்லிவிட்டு, தகப்பனை விட்டுப் போக மனமில்லாமல் தானாகவே கரைக்குத் திரும்பினார். நங்கூரத்தில் நின்ற கப்பல் கடைசியில் அவர்கள் இல்லாமலே புறப்பட்டுப் போனது. ஆற்றுக்குள் வந்து கட்டியிருந்தால் அதற்கும் வழி இருந்திராது.

பிடிபட்டவர்கள் கண்டி இராச்சியத்தின் ஊர்களில் பிரித்து வைக்கப்பட்டார்கள். தகப்பன் 1661 பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்தார். மகன் ஊர் ஊராக மாற்றப்பட்டு, கடைசியில் கண்டிக்குத் தெற்கே எலதெத்தவில் குடியிருந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல் கடன் கொடுத்தும், சில்லறை வியாபாரம் செய்தும் வாழ்ந்தார். அந்த வியாபாரத்தைச் சாட்டாக வைத்தே வடக்குப் பக்கம் வழி பார்த்துக்கொண்டார். 1679இல் ஒரு தோழனோடு அனுராதபுரம் வழியாக, அருவி ஆற்றின் கரையோரமாக நடந்து, மன்னார் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அனுராதபுரத்தில் அப்போது இருந்தவர்கள் தமிழ் பேசியதால் அவர்களுடைய பேச்சு அவருக்கு விளங்கவில்லை. 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. மூதூரில் 1893இல் நாட்டப்பட்ட நினைவுக் கல்லும் உண்டு.

அரசனின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயரிடமும் பின்னர் ஒல்லாந்தரிடமும் கரையோரத்தை இழந்த ஓர் அரசுக்கு, சொல்லாமல் வந்து இருபது நாள் நிற்கும் கப்பல் சாதாரண விடயம் அல்ல. 1602இல் மட்டக்களப்பில் நங்கூரமிட்ட ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன், மலை ஏறிக் கண்டிக்கு வந்து விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அவருக்கு வரவேற்பு கிடைத்தது. ஆனால், கேள்வி கேட்கும் உரிமை இருப்பது ஒன்று; செய்தி அனுப்பாத தவறுக்கு ஒரு மனிதனின் 19 வருடங்களை எடுத்துக்கொள்வது வேறொன்று.

சொந்தக் கரையில் அனுமதி

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்களின் கதைகள். அதே குடாவில் பிறந்தவர்களும் அனுமதி கேட்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். இரவில் போக முடியாத காலங்கள், குறிப்பிட்ட தூரத்தைத் தாண்ட முடியாத காலங்கள், வலுக்கூடிய இயந்திரம் பூட்ட முடியாத காலங்கள் இருந்தன. மீன் இரவில் படும், தூரத்தில் படும் என்பது அந்த விதிகளுக்குத் தெரியாது. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. பலர் சொந்த மண்ணுக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருந்தார்கள்.

2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது என் மாமா குடும்பத்தோடு கந்தளாய்ப் பக்கம் போனார். வள்ளத்தைக் கரையேற்றி வைக்க நேரம் இருக்கவில்லை. இரண்டு நங்கூரம் போட்டு, கயிற்றை வழக்கத்தைவிட நீளமாக விட்டுவிட்டு வந்தார். திரும்பிப் போனபோது வள்ளம் இல்லை. நங்கூரம் இழுபட்டிருக்காது என்று இன்றும் சொல்வார். அந்த இடத்துச் சேற்றை அவருக்குத் தெரியும்.

ஆபத்தில் வரும் படகு

அனுமதி இல்லாமல் நிற்கச் சில காரணங்களை மட்டுமே கடல் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. இலங்கையும் ஒரு தரப்பாக இருக்கும் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 18ஆம் உறுப்புரையின்படி, ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள்ளால் போகும் கலம் வழியில் காரணமில்லாமல் நங்கூரமிட முடியாது. சாதாரண பயணத்தின் அங்கமாகவோ, தவிர்க்க முடியாத இக்கட்டிலோ, ஆபத்திலோ, ஆபத்தில் இருப்பவருக்கு உதவவோ நிற்கலாம். பாய்மரம் முறிந்த யொட் ஒன்றுக்கு இந்த விதி பெரும்பாலும் இலகுவாகக் கிடைக்கும்.

எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. 2016 ஜூனில் 44 தமிழர்களோடு வந்த படகு இந்தோனேசியாவின் ஆச்சே கரையில் பழுதாகி நின்றது. அவர்களை முதலில் இறங்க விடவில்லை. இறங்க முயன்ற பெண்களைத் தடுக்க வானத்தை நோக்கிச் சுட்டார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பிறகே கரையில் தங்க விட்டார்கள். 2021 ஒக்டோபரில் கனடாவை நோக்கிப் போன 89 தமிழர்களின் படகு ஆபத்தில் சிக்கி, பிரித்தானியக் கட்டுப்பாட்டில் இருந்த டியாகோ கார்சியா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவர்களில் பலர் மூன்று வருடங்களுக்கு மேல் அங்கே வேலிக்குள் கூடாரங்களில் இருந்தார்கள். அது சட்டவிரோதமான தடுத்துவைப்பு என்று அந்தப் பிரதேசத்தின் உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதே தீவுக்கூட்டத்தின் வேறு பவளத்தீவுகளில், முன்கூட்டி விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திய யொட்கள் குறிப்பிட்ட நாட்களுக்கு நங்கூரமிட்டு நிற்கும் ஏற்பாடு அந்தக் காலத்தில் இருந்தது.

யொட்கள் வருவதில் எனக்குக் குறையில்லை. அவை வந்தால் திருகோணமலையில் முச்சக்கர வண்டிக்காரருக்கும் மரக்கறிக் கடைக்கும் படகு திருத்துபவருக்கும் நாலு காசு கிடைக்கும். துறைமுகம் யார் வருகிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால், அந்தக் கேள்விகள் எழுத்தில் இருக்கின்றன. விண்ணப்பம் எங்கே கொடுப்பது, எத்தனை நாளில் பதில், யார் பொறுப்பு என்று வெளிநாட்டுப் படகோட்டி புக்கெட்டில் இருந்துகொண்டே அறிந்துகொள்ள முடிகிறது. குடாவின் மறுகரையில் இருக்கும் கடற்றொழிலாளருக்கும் அதே தெளிவு வேண்டும். எந்த இடத்தில் வலை விரிக்கலாம், எது தடை, ஏன் தடை, எப்போது நீங்கும், மறுத்தால் யாரிடம் முறையிடலாம் என்பதை அவருடைய மொழியில், எழுத்தில், இறங்குதுறையிலேயே ஒட்டி வைக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை. திருகோணமலையைச் சுற்றுலாத் துறைமுகமாக்குவது பற்றி அடுத்த அறிவிப்பு வரும்போது, அதில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று மூதூரிலும் கிண்ணியாவிலும் சம்பூரிலும் இருப்பவர்கள் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேட்க வேண்டும்.